காடு வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டுவதற்கு முன்: குமரி மாவட்டத்தில் புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் புல்லுக்கு ஓய்வே கிடையாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை ஒரு தடவை வளர்த்துவிடும், அக்டோபரில் வடகிழக்கு வந்து இன்னொரு தடவை. அதனால் குலசேகரம், அருமனை, திற்பரப்புப் பக்கத்து ரப்பர் விளைகள் (விளை என்றால் தோட்டம்), கடலோரத் தென்னந்தோப்புகள், கன்னியாகுமரி ரிசார்ட் புல்தரைகள், பள்ளி, கோவில், சர்ச் வளாகங்கள் என்று பிரஷ் கட்டர் என்கிற இந்தக் காடு வெட்டும் மெஷினுக்கு எப்போதும் வேலை இருக்கிறது. அரிவாளும் மண்வெட்டியும் பிடித்த கைகள் இப்போது மெஷினுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. புதிதாக வருகிற ஆளுக்குப் பயிற்சி என்று பெரிதாக எதுவும் தருவதில்லை. பெல்ட்டை மாட்டிவிட்டு, "அக்சிலேட்டரைப் பிடி, இப்படி வீசு" என்று காட்டிவிட்டு மேஸ்திரி அடுத்த விளைக்குப் போய்விடுவார்.

அவர் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பகுதி பிரஷ் கட்டரைப் பற்றியது. இந்த மாவட்டத்தில் அதிகம் ஓடுவதும் அதிகம் காயப்படுத்துவதும் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

எதனால் காயம் படுகிறது

புதியவர்கள் பிளேடைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதுதான், ஆனால் பிளேடு நீண்ட குழாயின் அந்த முனையில் இருக்கிறது. மெஷின் ஓடும்போது உங்கள் காலை அது தொடுவது அபூர்வம். பிளேடு தட்டிவிடும் பொருள்தான் நிறையப் பேரைக் காயப்படுத்துகிறது. 25 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு நொடிக்கு 90 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கணக்கில் பார்த்தால் 300 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த விளிம்பில் ஒரு சரல் கல்லோ கம்பித் துண்டோ பட்டால் அது எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கண்ணுக்கு வரலாம், வழியில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் போகலாம்.

இரண்டாவது வகைக் காயம் மெஷின் 'நின்றிருக்கும்' நேரத்தில் நடக்கிறது. பிளேடில் கொடி சுற்றிக்கொள்ளும். எஞ்சினை அணைக்காமல் குனிந்து கையால் இழுப்பார்கள். விரல் போவது பெரும்பாலும் அப்படித்தான். இதற்குப் பின்னால் வருகிறேன்.

காலையில் மெஷின் கைக்கு வந்ததும்

முதலில் பார்க்க வேண்டியது கார்டு. பிளேடுக்கு மேலே, உங்கள் பக்கமாக, பிளாஸ்டிக்கிலோ தகரத்திலோ வளைவாக ஒரு மறைப்பு இருக்கும். ஈரப்புல் அதற்குள் அடைத்துக்கொண்டு தொந்தரவு செய்கிறது என்று கழற்றி எறிந்துவிடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். கார்டு இல்லாத மெஷினைத் தந்தால் கார்டு வேண்டும் என்று கேளுங்கள். கிடைக்கவில்லை, வேலையையும் விட முடியாது என்றால், ஓட்டத் தொடங்குவதற்கு முன்னால் மெஷினை இருந்தபடியே மொபைலில் ஒரு படம் எடுத்து மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கார்டு இல்லை அண்ணே" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். எதற்கு இந்த வேலை என்பது இழப்பீட்டைப் பற்றிய பகுதியில் புரியும்.

அடுத்து பிளேடு. ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பிளேடைத் தொட வேண்டும். விரிசல், வளைவு, பல் உடைந்த இடம் எதுவும் இருக்கக் கூடாது. பிளேடைக் கழற்றி விரலால் சுண்டிப் பாருங்கள். நல்ல பிளேடு கணீரென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வைத்து ஓட்டுகிற பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அந்தப் பிளேடு எந்த நேரமும் இரண்டாகலாம். பிளேடைப் பிடித்திருக்கும் நட்டு பெரும்பாலான மெஷின்களில் இடது மரை. வழக்கமான திசைக்கு நேர்மாறாகத் திருப்பினால்தான் இறுகும். புதியவர்கள் இறுக்குவதாக நினைத்துத் தளர்த்திவிடுவது உண்டு.

புல் வெட்டப் பிளேடுக்குப் பதில் மாட்டும் நைலான் கயிறு தீர்ந்துபோனால் அந்த இடத்தில் கட்டுக்கம்பி, சைக்கிள் செயின், பழைய கேபிள் என்று எதையாவது மாட்டுகிறவர்களையும் பார்க்கலாம். செயின் கண்ணி ஒன்று தெறித்தால் துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். சங்கிலி இணைத்த வெட்டுத் தலைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் சந்தையிலிருந்தே தடை செய்தது. நம் ஊர்க் கடைகளில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது. வாங்காதீர்கள், வாங்கித் தந்தாலும் மாட்டாதீர்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அக்சிலேட்டரிலிருந்து விரலை முழுதாக எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் பிளேடு சுற்றக் கூடாது. சுற்றினால் ஸ்லோ ஸ்பீடு அதிகமாக இருக்கிறது, அல்லது கிளட்ச் போயிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் சரிசெய்யாமல் விளையில் இறங்க வேண்டாம்.

பெல்ட்டை உங்கள் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கொக்கி இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும், கையை விட்டால் பிளேடு தரைக்கு இணையாகத் தொங்க வேண்டும். நேற்று ஓட்டியவர் ஆறடி, நீங்கள் ஐந்தரை என்றால் அவருடைய அளவு உங்களுக்கு முதுகுவலியைத்தான் தரும். பெல்ட்டைச் சட்டென்று கழற்றிவிடும் பிடி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுங்கள். கடந்தல் (குளவி) கலையும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

உடுப்பு

சாரம் (கைலி) கட்டிக்கொண்டு மெஷின் ஓட்ட வேண்டாம். மடித்துக் கட்டினால் முழங்காலுக்குக் கீழே வெறும் கால், இறக்கிவிட்டால் துணி. முழு பேன்ட், முழுக்கைச் சட்டை, கழுத்தில் தொங்குகிற துவர்த்து (துண்டு) கிடையாது. காலுக்குக் கம்பூட்ஸ், முனையில் இரும்பு வைத்தது கிடைத்தால் நல்லது. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஷின் கார்டு. காசு இல்லை என்றால் கிரிக்கெட்டில் காலில் கட்டுகிற பழைய பேட்கூட வேலை செய்கிறது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

முகத்துக்குக் கம்பிவலை மறைப்பு மட்டும் போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைப்பது பெரிய தப்பு. வலையின் கண்ணி வழியாகப் பொடிக்கல்லும் கம்பி நுனியும் உள்ளே வரும். வலைக்குள்ளே கண்ணை ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றும் வேண்டும். சாதாரணக் கூலிங் கிளாஸ் உடைந்து அதுவே கண்ணுக்குள் போகும். தென்னந்தோப்பு என்றால் ஹெல்மெட் கட்டாயம், தேங்காய்க்கு நேரம் காலம் கிடையாது. காதுக்கு அடைப்பான் போடுங்கள். மெஷினின் இரைச்சல் காதைக் கெடுக்கும் அளவுக்கு மேல்தான் இருக்கிறது, கெட்ட காது திரும்ப வராது.

விளையை ஒரு சுற்று நடப்பது

இந்த வேலையில் என்னிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மெஷினைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சாக்கும் ஒரு கம்பும் எடுத்துக்கொண்டு வெட்ட வேண்டிய இடம் முழுவதையும் நடந்து பாருங்கள். மணிக்கணக்குக் கூலி என்றால் உடைமைக்காரர் முகம் சுளிப்பார். மொத்தமாகப் பேசிய வேலை என்றால் உங்களுக்கே மனசு வராது. ஆனாலும் நடக்க வேண்டும்.

ரப்பர் விளையில் என்ன கிடக்கும்? பால் வடியும் சிரட்டையை மரத்தில் தாங்கிப் பிடிக்கும் கம்பி வளையம் ஒன்று இருக்கும். மரம் பருக்கப் பருக்க அது தளர்ந்து, துருப்பிடித்து, மரத்தின் மூட்டில் (அடியில்) விழுந்துவிடும். அதன்மேல் மழைக்குப் புல் மூடிவிடும். பால் வழிந்தோட அடித்த தகரச் சில்லும் அப்படித்தான். மேலிருந்து பார்த்தால் பச்சைப் புல் மட்டும்தான் தெரியும். பிளேடு அந்த வளையத்தைப் பிடித்தால் ஒரு சுற்றில் துண்டாக்கி வீசிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வந்த ஒரு கம்பியைக் கண்ணில் வாங்கினார். இரண்டு செ.மீ.கூட இருக்காது. வலை போட்டிருந்தார், அதன் கீழ் விளிம்புக்கும் கன்னத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக நுழைந்தது. அதனால் ரப்பர் விளையில் ஒவ்வொரு மூட்டையும் சுற்றிக் கம்பால் தட்டிப் பார்த்துக் கம்பிகளைச் சாக்கில் போடுங்கள். மூட்டை ஒட்டிய புல்லை அரிவாளால் அறுப்பதே மேல். பிளேடு பட்டால் மரத்தின் பட்டையும் போகும், பால் எடுக்கச் சீவுகிற வெட்டுப்பட்டையில் பட்டால் உடைமைக்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

தென்னந்தோப்பில் கொதும்பும் (காய்ந்த பாளை) மட்டையும் மறைந்து கிடக்கும். அவை பறக்காது, ஆனால் பிளேடை உதைத்துத் தள்ளும். கடலோரத்தில் பழைய வலைத் துண்டுகள், கயிறுகள். சுற்றுலாப் பயணிகள் வரும் இடமானால் பாட்டில். உடைந்த பாட்டில் என்றால் சின்னத் துண்டுகளைப் பொறுக்கி முடியாது, அந்த இடத்தைக் குச்சி நட்டு அடையாளம் வைத்து விட்டுவிடுங்கள். எல்லையில் முள்வேலி இருந்தால் வேலியை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்கு மெஷின் வேண்டாம்.

நடக்கும்போதே மேலேயும் பாருங்கள். குருமிளகுக் கொடிக்குள், புதருக்குள், வாழைச் சருகுக்குள் கடந்தல் கூடு இருக்கும். கூடு இருக்கிற புதரை மெஷின் சத்தமே கலைத்துவிடும். கம்பால் தட்டிக்கொண்டே நடப்பதில் இன்னொரு லாபம், பாம்பு விலகிப்போக வழி கிடைக்கிறது. மலையோர ரப்பர் விளைகளில் குழிவிரியன் உண்டு. நம் மருத்துவமனைகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் தயாரித்தது, குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. கடித்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அதில் மாற்றமில்லை. கடிக்க விடாமல் பூட்ஸ் போடுவது அதைவிட நல்லது.

வெட்டும்போது

உங்களைச் சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் வரக் கூடாது. நிறுவனங்கள் தரும் கையேடுகளில் இருக்கிற அளவு இது, நடந்தால் ஏறக்குறைய இருபது எட்டு. டீ கொண்டுவருகிற அக்காவும் இதில் அடக்கம். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பின்னாலிருந்து வந்து தோளைத் தொடக் கூடாது, முன்னால் தூரத்தில் நின்று கையைக் காட்ட வேண்டும், எஞ்சினை அணைத்த பிறகுதான் கிட்டே வர வேண்டும். காதடைப்பான் போட்டவருக்குக் குரல் கேட்காது. தொட்டால் மெஷினோடு திரும்பிவிடுவார்.

ரோட்டோரம் வெட்டும்போது தனியாகப் போகாதீர்கள். ஒருவர் வெட்டினால் இன்னொருவர் நின்று, வண்டி வரும்போது நிறுத்தச் சொல்ல வேண்டும். கார்க் கண்ணாடி உடைந்தால் அன்றைய கூலியோடு போகாது.

பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் பிளேடு, மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதனால் வலமிருந்து இடமாக வீசி வெட்ட வேண்டும், பிளேடின் இடப்பக்கத்தால் வெட்ட வேண்டும். வெட்டிய புல் ஏற்கெனவே வெட்டிய பக்கம் விழும். பிளேடைக் கடிகார முகப்பாக நினைத்துக்கொண்டால் 12 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே இருக்கிற பகுதி ஆபத்தானது. அந்தப் பகுதி ஒரு கல்லிலோ தடித்த தண்டிலோ மோதினால் மெஷின் முழுவதும் வலப்பக்கமாக உதைத்துத் திரும்பும். மூங்கில் குருத்து, மரக்கன்று, ஆமணக்குத் தண்டு போன்றவற்றை அந்தப் பக்கத்தால் வெட்டப் போகாதீர்கள். பெருவிரல் பருமனுக்கு மேற்பட்ட தண்டு என்றால் அரிவாள்தான் சரி. பிளேடை இடுப்புக்கு மேலே தூக்கி வெட்டுவது எக்காரணத்துக்கும் கூடாது. வேலியில் ஏறிய கொடியை அப்படித்தான் சிலர் வெட்டுகிறார்கள், பார்க்கவே வயிற்றைக் கலக்கும்.

சரிவில் ரப்பர் நட்ட இடங்களில் படிப்படியாகப் பிளாட்பாரம் வெட்டியிருப்பார்கள். ஒரு பிளாட்பாரத்தைக் குறுக்காக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், மேலும் கீழுமாக ஏறி இறங்கி வெட்ட வேண்டாம். இரண்டு பேர் வேலை செய்தால் ஒருவருக்கு நேர் கீழே மற்றவர் நிற்கக் கூடாது. உருளுகிற கல், வழுக்குகிற கால், பறக்கிற கம்பி எல்லாமே கீழ்நோக்கித்தான் வரும். மழை பெய்து முடிந்த உடனே சரிவில் இறங்காதீர்கள், செம்மண் சோப்புப் போட்டது போல இருக்கும்.

ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்தால் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆற வேண்டும், சூடான சைலன்சர்மேல் பெட்ரோல் சிந்தினால் பற்றிக்கொள்ளும். உங்கள் கையும் ஆற வேண்டும். நாள் முழுக்க அதிர்வு வாங்கிய விரல்கள் ராத்திரி மரத்துப்போகும். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டியவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடவே கஷ்டமாகிவிடுகிறது. பத்து நிமிஷம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து சில எட்டு தள்ளி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். பீடி அப்புறம்.

கொடி சுற்றிக்கொண்டால்

ரப்பர் விளையில் மண்ணைக் காக்க வளர்க்கும் பியூரேரியாக் கொடி பிளேடின் அடியில் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் திணறி, பிளேடு நின்றுவிடும். இங்கேதான் கவனம் வேண்டும். எஞ்சின் ஓடுகிறது, கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்கிறது, கொடிதான் பிளேடைப் பிடித்து வைத்திருக்கிறது. கொடியை நீங்கள் அறுத்த கணத்தில் பிளேடு விடுபட்டுச் சுற்றும். விரல் அங்கேயே இருக்கும்.

ஆகவே வரிசை இது: அக்சிலேட்டரை விடு, சுவிட்சை அணை, பிளேடு முழுதாக நின்றதா பார், மெஷினைத் தரையில் வை, பிளக் தொப்பியைக் கழற்று, கையுறையோடு கொடியை எடு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுற்றினாலும் இதே வரிசை. ஒவ்வொரு தடவையும் அணைத்து அணைத்துப் போட்டால் எப்போது வேலை முடிப்பது என்று கேட்பார்கள். கொடியை முதலில் அரிவாளால் துண்டுதுண்டாக வெட்டிவிட்டு மெஷினை இறக்கினால் பாதிச் சுற்றல் குறையும் என்று பதில் சொல்லுங்கள்.

மற்றக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: வேலிச்செடி கத்தரிக்கும் கரண்ட் மெஷினுக்கு ஈரத்தில் ஒயர் இழுக்காதீர்கள், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத பிளக்கில் சொருகாதீர்கள். அலுமினியத் தோட்டி (தொரட்டி) கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். செயின்ஸாவைப் பழகிய ஆளோடு நின்று கற்காமல் தொடாதீர்கள், அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

காயம் பட்டுவிட்டால்

கண்: எதுவும் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு காகித டீக்கப்பைக் கண்மேல் கவிழ்த்து, அழுத்தாமல் துணியால் கட்டி, தலையை உயர்த்தி உட்கார வைத்துக் கொண்டுபோங்கள். வெறும் தூசி என்றால் சுத்தமான தண்ணீரால் கழுவலாம். ஆனால் புல் நுனி கீறிய கண்ணை அலட்சியமாக விடாதீர்கள். செடி, இலை பட்டுக் கருவிழியில் கீறல் விழுந்தால் அதில் பூஞ்சை வளரலாம். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்கு இது முக்கியக் காரணம். முதல் இரண்டு நாள் வெறும் உறுத்தலாகத்தான் இருக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற சொட்டுமருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், பூஞ்சை கொழுக்கும். தாய்ப்பால் விடுவதும் கூடாது. கண் டாக்டரிடமே போங்கள்.

வெட்டு: சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பிப்பொடி, சுண்ணாம்பு, கம்யூனிஸ்ட் பச்சை என்கிற செடியின் சாறு எதுவும் வேண்டாம், டாக்டர் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அழுத்தியும் ரத்தம் பீய்ச்சினால் மட்டும் காயத்துக்கு மேலே துவர்த்தால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி மறக்க வேண்டாம்.

விரல் துண்டானால் துண்டைத் தேடி எடுங்கள். லேசாக நனைத்த சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ்மேல் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஒட்டவைக்க வாய்ப்பு அதிகம். எங்கே கொண்டுபோவது என்பதை 108 ஆம்புலன்ஸ்காரரிடமே கேளுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தக்கலையில் பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை, குழித்துறை அரசு மருத்துவமனை இவற்றில் எது பக்கம் என்று புதிய விளைக்குப் போகிற அன்றைக்கே தெரிந்துவைத்திருந்தால் பதற்றத்தில் யோசிக்க வேண்டாம்.

ஈரத்தில் வேலை செய்துவிட்டு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காலில் கீறலோடு சேற்றில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

அன்றைக்கே செய்ய வேண்டியவை

மருத்துவமனையில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார்கள். "வீட்டில் விழுந்துவிட்டேன் என்று சொல்லு, இல்லையென்றால் போலீஸ் கேஸ் ஆகும்" என்று கூடவந்தவர் காதில் ஓதுவார். கேட்காதீர்கள். யாருடைய விளையில், என்ன மெஷினில், எத்தனை மணிக்கு என்பதை உள்ளபடியே சொல்லுங்கள். அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் அது ஏறும், ஏ.ஆர். காப்பி என்பது அதன் நகல்தான். பின்னால் எந்த இழப்பீடு கேட்டாலும் முதலில் பார்ப்பது அதைத்தான். அதில் 'வீட்டில் விழுந்தார்' என்று இருந்தால் அப்புறம் எந்த வக்கீலாலும் எளிதில் மாற்ற முடியாது.

மெஷின், இடம், காயம் மூன்றையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். கூட வேலை செய்தவர்களின் பெயரும் நம்பரும் எழுதிவையுங்கள். கூலி கூகுள்பேயில் வந்திருந்தால் அந்தப் பதிவே நீங்கள் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி. ரொக்கமாக வாங்குகிறவர்கள் ஒரு சின்ன நோட்டில் தேதி, இடம், தொகை எழுதிவருவது நல்லது.

யார் பணம் தருவார்கள்

ரிசார்ட், லாட்ஜ், கல்லூரி, மருத்துவமனை போன்ற, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார்கள். வேலைக் காயத்துக்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும். வேலையில் சேர்ந்த வாரமே உங்கள் ஐ.பி. நம்பரை (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) கேட்டு வாங்குங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. கணக்குப் போடும் முறை பழையதுதான். எஞ்சினால் ஓடும் கருவி வைத்துச் செய்யும் விவசாய வேலை அந்த 1923 சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. கான்ட்ராக்டர் வழியாகப் போயிருந்தாலும், அந்த வேலை எஸ்டேட்டின் தொழிலைச் சேர்ந்ததாக இருந்தால் எஸ்டேட்டிடமே கேட்கலாம்.

ஒரு கணக்கு: வயது 35, மாதச் சம்பளம் 15,000 ரூபாய், ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்கு அட்டவணையில் உள்ள எண் 197.06. பெருக்கினால் 17,73,540. ஒரு கண் பார்வைக்கு 30 சதவீத இழப்பு என்று அட்டவணை சொல்கிறது, ஆக 5,32,062 ரூபாய். "ஆஸ்பத்திரிச் செலவு நான் பார்த்துக்கிட்டேன், இந்தா பத்தாயிரம்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறவரிடம் பேச இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டியும் சேரும். எங்கே மனு கொடுப்பது என்பதை நாகர்கோவிலில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

இப்போது கார்டு விஷயத்துக்கு வருவோம். குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்கு வைத்த மறைப்பை வேண்டுமென்றே தொழிலாளியே கழற்றியிருந்தாலோ, சாவும் முழு ஊனமும் அல்லாத காயங்களுக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. முதலாளி தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். காலையில் மேஸ்திரிக்கு அனுப்பிய அந்த ஒற்றைப் படம், மெஷின் உங்கள் கைக்கு வரும்போதே கார்டு இல்லாமல்தான் வந்தது என்று காட்டும்.

வீட்டுத் தோட்டங்களில் தனியாகக் கூலிக்குப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் எளிதில் கிடைக்காது. அவர்கள் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விவசாயக் கூலிகளுக்கு உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, வி.ஏ.ஓ.விடமோ தாலுகா அலுவலகத்திலோ விசாரியுங்கள். இவை தவிர, சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியில் பிரதமரின் சுரக்ஷா பீமா படிவம் ஒன்றை எழுதிக் கொடுங்கள். 18 முதல் 70 வயதுவரை சேரலாம், வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கண்ணின் பார்வையோ ஒரு கையோ காலோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். ஜூன் 1 முதல் மே 31வரை ஒரு வருஷக் கணக்கு, பணம் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் பாலிசி விட்டுப்போனவர்கள் நிறைய, அந்த வாரம் மட்டும் கணக்கைத் துடைத்து எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.